பதிவான நேரம்

பதினோரு வருடம் இந்த மாடியில் இரவு வேலை.
மாத்திரையை நொறுக்கி ஆப்பிள் கூழில் கலப்பேன்.
புண்ணைத் துடைத்துக் கட்டுவேன்.
யார் எந்தப் பக்கம் படுத்தால் இருமுவார் என்று
கோப்பில் இல்லாததும் தெரியும்.
ஒன்று மட்டும் கூடாது:
ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்வது.

அதை ஆர்.என். சொல்ல வேண்டும்.
என் அட்டையில் எல்.பி.என்.

பன்னிரண்டாம் அறை, ஆர்விட் லுண்ட்.
டலூத் துறைமுகத்தில் முப்பது வருடம்
கப்பலில் இரும்புக் கனிமம் நிரப்பியவர்.
பிப்ரவரி, அதிகாலை மூன்று பத்து.
கழுத்தில் இரு விரல் வைத்தேன்.
ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு முழு நிமிடம் கேட்டேன்.
இன்னொரு நிமிடமும் கேட்டேன், மரியாதைக்கு.
பிறகு லவோனுக்குப் போன்.
"வருகிறேன். சாலையில் இன்னும் உப்பு போடவில்லை."

அவள் வரும்வரை ஆர்விட்
காகிதத்தில் உயிரோடிருந்தார்.
பல்செட்டைக் கழுவி வாயில் பொருத்தினேன்.
ரேடியேட்டரைக் குறைத்தேன்.
மகளிடம் நான் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றே:
"நிலைமை மாறியிருக்கிறது, வாருங்கள்."

லவோன் வந்தாள், பூட்ஸில் பனியோடு.
ஒரு நிமிடம் கேட்டாள்.
மூன்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள்.

இடையில் நாற்பத்திரண்டு நிமிடம்
அந்த மனிதர் எங்கே இருந்தார்?
எனக்குக் கோபமில்லை.
கணக்குதான் உதைத்தது.

அடுத்த வாரம் கல்லூரியில் படிவம் வாங்கினேன்.
வேதியியல் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்
என் மகனைவிட ஒரு வயது சின்னவன்.
பிரிட்ஜ் கதவில் பொட்டாசியம், சோடியம்,
அவற்றின் மேலெல்லை, கீழெல்லை.
டுவேன் பால் எடுக்கும்போது அவற்றை வாய்விட்டுப் படிப்பான்,
தப்பாக.

மாதிரித் தேர்வில் கேள்வி:
நோயாளி மூச்சுத் திணறுகிறார், முதலில் என்ன செய்வீர்கள்?
நான் செய்வதை எழுதினேன். தவறு.
"ஜொலீன், அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறாய்.
தேர்வில் இருக்கும் ஆஸ்பத்திரி வேறு.
அங்கே ஆள் பற்றாக்குறையே கிடையாது" என்றார் ஆசிரியை.
இரண்டு வருடம் அந்த ஆஸ்பத்திரியில்
வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன்.
அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கொரு நர்ஸ்,
கூப்பிட்டால் டாக்டர்,
லிப்ட் கூட வேலை செய்யும்.

எண்பத்தைந்தாம் கேள்வியில் திரை சட்டென்று அணைந்தது.
போச்சு என்று நினைத்தேன்.
காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
முக்கால் மணி நேரம் ஒரு சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு நாளில் முடிவு. தேறிவிட்டேன்.
கடன் இருபத்தாறாயிரம் டாலர்.
புது அட்டையில் பழைய போட்டோவையே ஒட்டினார்கள்.

ஜனவரி. போன்.
பா நியா வாங், வேலைக்கு வந்து பதினோரு மாதம்.
"ஏழாம் அறை. பெர்னீஸ் அம்மா" என்றாள்,
அதற்குமேல் சொல்லவில்லை. அவளுக்கு அனுமதியில்லை.
"வருகிறேன். சாலையில் இன்னும் உப்பு போடவில்லை."
சொன்ன பிறகுதான்
யார் குரல் அது என்று தெரிந்தது.

ஏரியோரச் சாலையில் இருபது மைல் வேகம்.
வைப்பருக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

அறையில் முகம் துடைத்தாயிற்று.
தலை வாரி, வகிடு சரியான பக்கம்.
பா நியா கதவோரம் நின்றாள்,
ஏதோ தவறு செய்தவளைப்போல.
நான் ஒரு முழு நிமிடம் கேட்டேன்.
இன்னொரு நிமிடமும்.
"எப்போது?"
"நான்கு இருபது. அதை எழுத முடியாதே?"

எழுத முடியாது.
ஐந்து ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
குறிப்பு என்ற காலி வரியில்,
யாரும் படிக்காத வரியில், எழுதினேன்:
நான்கு இருபது முதல் பா நியா வாங் உடனிருந்தார்.

பிறகு ஃபார்கோவில் இருக்கும் மகனுக்குப் போன்.
மூன்றாம் மணியில் எடுத்தார்.
நான் யார் என்று சொன்னேன்.
அடுத்த சொல்லுக்கு இப்போது அனுமதி உண்டு.
வாய் வரவில்லை.

நாயொன்று குரைத்தது அங்கே.
"போய்விட்டாள், இல்லையா?" என்றார் அவரே.